வலி தீர எவ்வளவு தருவீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

மூட்டுவாத நோயாளிகள் தங்கள் சிகிச்சையை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதைப் பணக்கணக்கில் அளக்கும் முறைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் நலப் பொருளியல் குழு பதில் தருகிறது. உதாரணக் கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கு நோயாளி என்ன விலை கொடுக்கிறாரோ அதுதானே அவருக்கு அதன் மதிப்பு? தனியாக அளக்க என்ன இருக்கிறது?
– ஒரு மருந்தாளுநர்

கொடுத்த விலை, மதிப்பின் கீழ் எல்லையை மட்டுமே காட்டும். மாதம் 800 கொடுத்து ஒருவர் மருந்து வாங்கினால், அவருக்கு அது குறைந்தது 800 பெறும் என்று தெரிகிறது. 2,500 ஆகியிருந்தாலும் வாங்கியிருப்பாரா என்பது ரசீதில் இருக்காது. கொடுத்த விலைக்கும் அவர் தரத் தயாராக இருந்த அதிகபட்சத் தொகைக்கும் உள்ள இடைவெளியைத்தான் நுகர்வோர் உபரி என்கிறார்கள். காப்பீடோ அரசோ செலவை ஏற்கும் இடத்தில் ரசீது அந்தக் கீழ் எல்லையைக்கூடச் சொல்லாது.

நோயின் செலவைக் கூட்டிப் பார்ப்பது இன்னொரு பழைய வழி. மருத்துவர் கட்டணம், பரிசோதனை, பயணம், இழந்த வேலைநாள்கள் என்று எல்லாம் கணக்கில் வரும். வலி மட்டும் வராது. ஓய்வுபெற்றவர்களும் சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்பவர்களும் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட எதையுமே இழக்காதவர்கள் ஆகிவிடுவார்கள். மூட்டுத் தேய்மானம் வயதானவர்களிடம் அதிகம். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆக, இந்த முறை யாரை விட்டுவிடுகிறதோ அவர்களே இந்த நோயாளிகளில் பெரும்பகுதி. அதனால்தான் நோயாளியிடமே போய், “இந்த நிவாரணத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தர இசைவீர்கள்?” என்று கேட்கும் முறை வந்தது. அவர் சொல்லும் தொகையைக் கீழே ‘இசைவுத் தொகை’ என்று குறிப்பிடுகிறோம்.

என் ஆய்வேட்டுக்கு முடக்குவாத நோயாளிகளிடம் இசைவுத் தொகை கேட்கப் போகிறேன். கேள்வித்தாளை எப்படி அமைப்பது? “எவ்வளவு தருவீர்கள்?” என்று ஒரே வரியில் கேட்டால் போதாதா?
– பொருளியல் முதுகலை மாணவி

போதாது. ஒரே வரியில் கேட்டால் பாதிப் பேர் தாங்கள் இப்போது கட்டும் மருந்துச் செலவைச் சொல்வார்கள். மீதிப் பேர் “நீங்களே சொல்லுங்கள்” என்பார்கள். எந்தப் பொருளுக்கு விலை கேட்கிறோம் என்பதை முதலில் அவர் கண்முன் நிறுத்த வேண்டும்.

காட்சி விவரிப்புக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். “புதிய நல்ல மருந்து” என்று எழுதினால் ஒருவர் முழுக் குணத்தையும் இன்னொருவர் கொஞ்சம் வலி குறைவதையும் மனதில் வைத்துப் பதில் சொல்வார். இப்படி எழுதுங்கள்: “இந்தச் சிகிச்சையை எடுக்கும் 100 பேரில் 60 பேருக்கு 3 மாதத்தில் மூட்டு வலியும் வீக்கமும் பாதியாகக் குறையும். 40 பேருக்குப் பலன் தெரியாது. தொடர்ந்து எடுக்கும் வரைதான் பலன். 2 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு.” சதவீதத்தைவிட ‘100 பேரில் 60 பேர்’ என்பது எளிதில் புரியும். 100 மனித உருவங்கள் வரைந்து 60க்கு நிறம் தீட்டிய அட்டை இன்னும் நல்லது.

அடுத்தது, பணம் எந்த வழியாகப் போகும் என்பது. கையிலிருந்தா, காப்பீட்டுச் சந்தாவாகவா, வரியாகவா? மாதந்தோறுமா, ஒரே தடவையா, எத்தனை ஆண்டுகளுக்கு? மாதம் 1,000 தருவேன் என்பவர் ஆண்டுக்கு 12,000 என்று கேட்டால் பெரும்பாலும் பின்வாங்குவார். எனவே குடும்பம் எந்தக் கால அளவில் வரவு செலவு பார்க்கிறதோ அதையே வைத்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள். வீட்டில் பணப் பொறுப்பு வேறொருவரிடம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தன்னிடம் இல்லாத பணத்தை அள்ளித் தருவதாகச் சொல்வது எவருக்கும் எளிது.

தொகையைக் கேட்கும் விதத்திலும் நான்கு வகை உண்டு. ஏதும் காட்டாமல் வெறுமனே கேட்பதில் பதில் வராத தாள்களும் தாறுமாறான எண்களும் மிகும். ஏலம் போல ஒரு தொகையில் தொடங்கி ஏற்றி இறக்கிப் போகும் முறை 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதன் குறை, தொடங்கிய எண் பதிலை இழுப்பது: 500இல் தொடங்கியவர்களும் 3,000இல் தொடங்கியவர்களும் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள். இந்த முறைதான் வேண்டும் என்றால் தொடக்கத் தொகையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்து, இழுப்பு எவ்வளவு என்று பிறகு சோதியுங்கள். மூன்றாவது, 0 முதல் பெரிய தொகை வரை அச்சிட்ட அட்டையைக் கொடுத்து வட்டமிடச் சொல்வது. 1,000ஐ வட்டமிட்டவரின் உண்மை மதிப்பு 1,000க்கும் அட்டையில் அடுத்திருக்கும் எண்ணுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஆகவே அதை இடைவெளித் தரவாகவே பகுப்பாய்வு செய்ய வேண்டும். நான்காவது, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தொகையைச் சொல்லி ஆம், இல்லை என்று மட்டும் கேட்பது.

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய பிறகு, இப்படிக் கேட்டுப் பெறும் மதிப்புகளை இழப்பீட்டுக்கு நம்பலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. பொருளியல் அறிஞர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையில் அமெரிக்க அரசு அமைத்த குழு 1993இல் பரிந்துரைத்தது ‘ஆம், இல்லை’ முறையைத்தான். கடையில் விலையைப் பார்த்து வாங்குவதும் விடுவதும் போன்றது என்பதால் பதில் சொல்பவருக்கு அது பழகிய வேலை. ஆனால் ஒருவரிடமிருந்து கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. சில நூறு பேராவது வேண்டும். முதுகலை ஆய்வேட்டுக்கு 100, 150 பேர்தான் கிடைப்பார்கள் என்றால் அட்டை முறையையே எடுங்கள்.

கேள்வியைக் கேட்பதற்கு முன் இரண்டு நினைவூட்டல் அவசியம். ஒன்று, இந்தப் பணத்தைத் தந்தால் வேறு செலவுக்கு அது இருக்காது என்பது. மற்றொன்று, “கற்பனைக் கேள்வி என்பதால் பலர் உண்மையில் தருவதைவிட அதிகம் சொல்லிவிடுகிறார்கள், உண்மையிலேயே கட்டப் போவதாக நினைத்துச் சொல்லுங்கள்” என்ற எச்சரிக்கை. பதில் வந்ததும் “எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?” என்று 0 முதல் 10 வரை கேளுங்கள். உறுதி குறைந்த ‘ஆம்’களை ‘இல்லை’யாக மாற்றி ஒரு தடவை கணக்கிட்டால் உங்கள் எண் எவ்வளவு ஆட்டம் காணும் என்று தெரிந்துவிடும்.

30 பேரிடமாவது முன்னோட்டம் பார்க்காமல் களத்தில் இறங்க வேண்டாம். அட்டையின் மிகப் பெரிய தொகையையே பலர் வட்டமிட்டால் அட்டை குட்டையாக இருக்கிறது என்று பொருள்.

இலவசமாகச் சிகிச்சை பெறுபவர்களில் பலர் சுழியம் என்று எழுதியிருக்கிறார்கள். நீக்கிவிடலாமா?
– களப்பணியாளர், கணக்கெடுப்பு நிறுவனம்

எல்லாச் சுழியமும் ஒன்றல்ல. கையில் காசில்லாததால் சுழியம், சிகிச்சை தனக்கு உதவாது என்று நினைப்பதால் சுழியம்: இவை உண்மையான பதில்கள், தொடக்கூடாது. “மருந்து தருவது அரசின் கடமை, நான் ஏன் தர வேண்டும்?”, “உடம்பை விலை பேசுவதா?” என்பவை எதிர்ப்புச் சுழியங்கள். அவர்களுக்குச் சிகிச்சை மதிப்பில்லாதது அல்ல; கேள்வியைத்தான் அவர்கள் நிராகரிக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, சுழியம் சொன்ன உடனே காரணம் கேட்பது. காரணப் பட்டியலை முன்கூட்டியே தாளில் அச்சிட்டு, எது எதிர்ப்பு, எது உண்மை என்று தரவு வருவதற்கு முன்பே தீர்மானித்து வையுங்கள். எண்களைப் பார்த்த பிறகு தீர்மானித்தால் விரும்பிய சராசரி கிடைக்கும் வரை நீக்கும் ஆசை வரும்.

உங்கள் தாளில் காரணம் கேட்கவில்லை என்றால் நீக்க உங்களுக்கு ஆதாரமில்லை. எல்லாவற்றையும் வைத்தே கணக்கிடுங்கள். காரணம் இருந்தால் எதிர்ப்புகளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு முடிவுகளை அருகருகே அச்சிடுங்கள். எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் நோயாளிகளைக் குறை சொல்லாமல் பணம் செலுத்தும் வழியை மாற்றி எழுதுங்கள். இலவசச் சிகிச்சை பெறுபவரிடம் “கையிலிருந்து கட்டுவீர்களா” என்பதைவிட “இந்தச் சிகிச்சை தொடர, சந்தாவோ வரியோ இவ்வளவு கூடினால் ஆதரிப்பீர்களா” என்று கேட்பது பொருத்தம்.

வசதியானவர் பெரிய தொகை சொல்வார், ஏழை சிறிய தொகை சொல்வார். அப்படியானால் பணக்காரனின் முழங்கால் வலிதான் பெரியது என்று முடிவாகாதா?
– ஒரு செவிலியர்

இந்த முறை மீதுள்ள மிக நியாயமான புகார் இதுதான். இசைவுத் தொகையில் விருப்பமும் வசதியும் கலந்தே இருக்கின்றன. மூட்டுவாதத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல்: நோய் முற்றியவர் வேலையை இழந்து வருமானமும் குறைந்தவராக இருப்பார். அதனால் வலி அதிகமானவர் குறைந்த தொகை சொல்வதாகத் தரவு தலைகீழாகத் தோன்றும்.

இதற்காகத்தான் தொகைக்குப் பதிலாக, குடும்ப வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்கும் வழக்கம் வந்தது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 247 முடக்குவாத நோயாளிகளிடம் முழுக் குணத்துக்கு இப்படிக் கேட்டது. ஏற்கத்தக்க பதில் தந்தவர்கள் 84 சதவீதம். சராசரியாகக் குடும்ப வருமானத்தில் 22 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். அதே நோயாளிகளிடம், குணமாவதற்காக எவ்வளவு உயிர் ஆபத்தை ஏற்பீர்கள் என்றும் கேட்டார்கள். இதற்கு 98 சதவீதம் பேர் ஏற்கத்தக்க பதில் தந்தனர். சராசரியாக 27 சதவீத உயிர் ஆபத்தை ஏற்பதாகச் சொன்னார்கள். பணக் கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் தராதவர்களில் பலர்கூட உயிரைப் பணயம் வைப்பது பற்றிய கேள்விக்குத் தந்திருக்கிறார்கள். அந்த நோயின் கடுமையைச் சொல்ல அதைவிட வேறு எண் தேவையில்லை.

சதவீதமும் முழுத் தீர்வல்ல. கிடைப்பதெல்லாம் சாப்பாட்டுக்கே போகும் வீட்டில் 5 சதவீதம் என்பதும், வசதியான வீட்டில் 5 சதவீதம் என்பதும் ஒரே தியாகம் ஆகாது. ஆகவே அடிப்படைச் செலவு போக மிஞ்சும் தொகையையும் கேட்டு வையுங்கள். முடிவுகளை வருமானப் பிரிவு வாரியாகத் தனித்தனியே காட்டுங்கள். இன்னொன்று: வருமானம் கூடும்போது தொகை கூடவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். பதில் சொன்னவர்கள் பணத்தை நினைத்தே பார்க்கவில்லை என்பதன் அறிகுறி அது.

‘ஆம், இல்லை’ முறையில் தரவு திரட்டிவிட்டோம். மென்பொருள் இல்லாமல் கையாலேயே சராசரி கணக்கிட முடியுமா?
– கல்லூரி ஆசிரியர்

முடியும். நான்கு தொகைகளை நான்கு குழுக்களிடம் கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 500க்கு 80 சதவீதமும் 1,000க்கு 60 சதவீதமும் 2,000க்கு 35 சதவீதமும் 4,000க்கு 10 சதவீதமும் ‘ஆம்’ என்கிறார்கள்.

500க்கு ஆம் சொல்லி 1,000க்குச் சொல்லாத பகுதி 20 சதவீதம். அவர்கள் மதிப்பு 500க்கும் 1,000க்கும் இடையில். குறைந்தபட்சமாக 500 என்றே வையுங்கள். 0.20 × 500 = 100. அடுத்த 25 சதவீதத்துக்கு 1,000 வீதம் 250. அதற்கடுத்த 25 சதவீதத்துக்கு 2,000 வீதம் 500. கடைசி 10 சதவீதத்துக்கு 4,000 வீதம் 400. 500க்கே இல்லை என்ற 20 சதவீதத்துக்குச் சுழியம். கூட்டினால் 1,250. இதை டர்ன்புல் கீழெல்லைச் சராசரி என்பார்கள். யாருடைய மதிப்பையும் ஊகித்து உயர்த்தாததால் விமர்சகர்கள் முன் தைரியமாக வைக்கலாம்.

இடைநிலையைப் பார்த்தால், பாதிப் பேர் ஆம் சொல்லும் தொகை 1,000க்கும் 2,000க்கும் நடுவில் விழுகிறது. நேர்கோட்டில் பிரித்தால் 1,400. வழக்கமாகச் சராசரிதான் இடைநிலையைவிடப் பெரிதாக இருக்கும். இங்கே மாறியிருப்பதற்குக் காரணம் ஒவ்வொரு பகுதியையும் அதன் அடிமட்டத்தில் வைத்ததுதான்.

தரவில் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். தொகை ஏறும்போது ‘ஆம்’ ஏறக்கூடாது; ஏறியிருந்தால் அந்த இரண்டு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து, கீழ்த் தொகையில் கணக்கிடுங்கள். மிக உயர்ந்த தொகைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ வந்தால் உங்கள் உச்சத் தொகை போதவில்லை. லாஜிட் மாதிரியை (தொகை ஏற ஏற ‘ஆம்’ எப்படிக் குறைகிறது என்பதை வளைகோடாகக் காட்டும் புள்ளியியல் சமன்பாட்டை) பொருத்தும்போது அந்த வால் பகுதிதான் சராசரியை எங்கோ கொண்டுபோய்விடும்.

ஒரே மருந்துக்கு மொத்தமாகத் தொகை கேட்பதைவிட, ஊசியா மாத்திரையா, எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்று தனித்தனியாக மதிப்புக் காண முடியாதா?
– மூட்டுவாத மருத்துவர்

அதற்குத் தெரிவுச் சோதனை என்ற முறை இருக்கிறது, டாக்டர். நோயாளி முன் இரண்டு கற்பனைச் சிகிச்சைகளை வைத்து, “இதா, அதா, அல்லது இப்போதையதே போதுமா?” என்று கேட்க வேண்டும். முடக்குவாதத்துக்குப் பொருந்தும் ஐந்து பண்புகள்: எடுக்கும் விதம் (மாத்திரை, தோலடி ஊசி, நரம்பு வழி மருந்தேற்றல்), பலன் தெரியும் காலம் (2, 6, 12 வாரம்), நல்ல முன்னேற்றம் காண்போர் (100இல் 40, 55, 70), கடுமையான தொற்று வருவோர் (ஆண்டுக்கு 1,000இல் 10, 30, 50), மாதச் செலவு (நான்கு நிலைகள்). பெருக்கிப் பார்த்தால் 324 சேர்க்கைகள். எல்லாவற்றையும் கேட்க முடியாது. திறன்மிக்க வடிவமைப்பில் (குறைந்த கேள்விகளில் அதிகத் தகவல் தரும் சேர்க்கைகளைத் தேரும் முறையில்) 24 ஜோடிகளைத் தேர்ந்து, மூன்று கட்டாகப் பிரித்து ஒருவருக்கு 8 மட்டும் கொடுங்கள். கேள்விகள் மிக அதிகமானால் சலிப்பில் ஒரே பக்கத்தை டிக் செய்வது தொடங்கலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை விதி உண்டு: 500ஐ மிக அதிக நிலைகள் கொண்ட பண்பின் நிலை எண்ணால் பெருக்கி, கேள்விகள் எண்ணிக்கையாலும் ஒரு கேள்வியில் உள்ள சிகிச்சைகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இங்கே 500 × 4 ÷ (8 × 2) = 125. இது அடிமட்டம்தான். ஆரம்ப நிலை, முற்றிய நிலை என்று பிரித்துப் பார்க்க நினைத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் இந்த அளவு தேவைப்படும்.

பகுப்பாய்வில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு கெழு கிடைக்கும்; அந்தப் பண்பு மாறும்போது நோயாளியின் தெரிவு எவ்வளவு சாய்கிறது என்று காட்டும் எண் அது. முன்னேற்றம் 100இல் 10 பேர் கூடுவதற்குக் கெழு 0.45, செலவு 1,000 கூடுவதற்கு −0.30 என்றால், அந்த 10 பேர் கூடுதலின் மதிப்பு 0.45 ÷ 0.30 × 1,000 = 1,500. தொற்று 1,000இல் 10 பேர் கூடுவதற்கு −0.24 என்றால், அதை ஏற்க மாதம் 800 குறைத்துத் தர வேண்டும்.

தவறு நடக்கும் இடம் வகுக்கும் எண். முழுக் காப்பீடு உள்ளவர்கள் செலவுப் பண்பைப் பார்க்கவே மாட்டார்கள். அதன் கெழு சுழியத்தை நெருங்கும். வகுத்தால் வானளாவிய தொகை வரும். அது நோயாளியின் மதிப்பல்ல, வகுத்தலின் விபரீதம். செலவு நிலைகளை மிக நெருக்கமாக வைத்தாலும் இதே கதிதான். எட்டுக் கேள்விகளோடு, எல்லா வகையிலும் ஒன்று மற்றதைவிட மேலான ஒரு ஜோடியையும் சேர்த்து வையுங்கள்; அதில் தவறாகத் தேர்ந்தவர்களை உடனே நீக்காமல், அவர்களைச் சேர்த்தும் விட்டும் முடிவைப் பாருங்கள்.

குவாலி என்ற அளவு இருக்கும்போது பணத்தில் ஏன் அளக்க வேண்டும்?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

குவாலி என்பது தரம் சேர்த்த வாழ்வாண்டு. முழு நலம் 1, மரணம் 0. “இந்த மூட்டு நிலையில் 10 ஆண்டு, அல்லது முழு நலத்தோடு எத்தனை ஆண்டு?” என்று கேட்டு, 7 என்று பதில் வந்தால் அந்த நிலையின் மதிப்பு 0.7. நடமாட்டம், சுயபராமரிப்பு, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் கேட்கும் ஈக்யூ-5டி தாளிலிருந்தும் இதைப் பெறலாம். ஐந்து ஆண்டுகளுக்கு 0.6இலிருந்து 0.7க்கு உயர்த்தும் சிகிச்சை அரை குவாலி தரும்.

வெவ்வேறு நோய்களுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு நிதி ஒதுக்கக் குவாலி நல்லது. வருமான வேறுபாடு அதில் நுழையாது. ஆனால் ஊசிக்குப் பதில் மாத்திரை, மருத்துவமனையில் காத்திருப்பு குறைவது போன்றவை அதில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. செலவையும் பலனையும் ஒரே அலகில் வைத்துக் கழிக்க வேண்டுமானால் பணம்தான் வழி. மூட்டுவாதம் ஆளைச் சட்டென்று கொல்வதில்லை, அன்றாடத்தைத்தான் அரிக்கிறது என்பதால் இரண்டையும் அளப்பதே எங்கள் பரிந்துரை.

நான் 12 ஆண்டுகளாக மூட்டுவாத நோயாளி. இப்படி ஒரு தாள் என்னிடமும் வந்தது. பெரிய தொகை எழுதினால் மருந்து விலையை ஏற்றிவிடுவார்களோ?
– ஒரு வாசகி

உங்கள் ஒரு தாளால் விலை ஏறாது, அம்மா. ஆனால் சந்தேகம் நியாயமானது. தாளைத் தருபவரிடம் ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள், முடிவு எங்கே போகும் என்று கேளுங்கள். அதைச் சொல்வது அவர்கள் கடமை. விலை ஏறுமோ என்று குறைத்து எழுதினாலும், மருந்து கிடைக்க வேண்டும் என்று கூட்டி எழுதினாலும், நோயாளிக்கு எது முக்கியம் என்பது முடிவுகளில் மறைந்துபோகும்.

ஆய்வாளர்களுக்கும் இதே பதிலில் ஒரு வேண்டுகோள். இவரைப் போல நீண்ட காலம் நோயோடு பழகியவர்கள், தங்கள் நிலை வெளியாட்கள் நினைக்கும் அளவுக்கு மோசமில்லை என்றே பெரும்பாலும் மதிப்பிடுவார்கள். புதிதாக நோய் கண்டவர்களோடு ஒரே சராசரியில் கலக்காதீர்கள். நேர்காணல் நேரத்தையும் குறியுங்கள்: முடக்குவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும், காலை 8 மணிக்குச் சொல்லும் தொகையும் மாலை 4 மணிக்குச் சொல்லும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அப்போதைய வலியை 0 முதல் 10 வரையிலான அளவில் கேட்டு, சமீபத்தில் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டாரா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தாள் அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. விரல் மடங்காதவரிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லாமல், நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.